வீட்டில் செய்யும் வாழ்த்து மடலும் கைவேலையின் கூலியும்

கார்த்திகை மாதத்தின் பிற்பகுதி வந்துவிட்டது. நம் ஊர்த் தெருக்களில் கிறிஸ்தவ அன்பர்களின் வீட்டு வாசல்களில் காகித விண்மீன் விளக்குகள் தொங்கத் தொடங்கிவிட்டன. அவ்விளக்குகளைக் காணும்போது, சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒரு விவாதம் என் நினைவுக்கு வருகிறது.

அக்கூட்டத்தில் மாதர் அங்கத்தினர் சிலர் ஒரு யோசனையை வெளியிட்டனர். தறியில் மிஞ்சும் துணித் துண்டுகளையும் நூற்கழிவையும் கொண்டு வீட்டிலேயே கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்கள் செய்யலாம் என்பதும், அவற்றைச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் வைக்கலாம் என்பதுமே அந்த யோசனை. ஒரு சாரார் அதை மிகவும் சிலாகித்தனர். மற்றொரு சாரார், “இது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு, நெசவாளரும் விவசாயிகளும் சேர்ந்த சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்டனர். நான் அன்று வாய் திறக்கவில்லை. இரு சாராரும் பாதி உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதியை இங்கே எழுத முற்படுகிறேன். வாய் திறவாமல் இருந்ததற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதையும் பின்னர் சொல்லுவேன்.

ஒரு ஷில்லிங் மடல்

கிறிஸ்து பிறந்த திருநாளை மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வருகின்றனர். ஆயினும், அச்சிட்ட மடலை விலைக்கு வாங்கி அனுப்பும் வழக்கம் 1843-ஆம் வருஷத்தில்தான் இங்கிலாந்தில் தோன்றியது. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பு, 1840-இல், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் செல்லும் தபால் ஏற்பாடு அங்கே வந்தது. அந்த ஏற்பாட்டுக்காக உழைத்தவர்களில் ஹென்றி கோல் என்னும் கனவானும் ஒருவர். பண்டிகைக் காலத்தில் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் எழுதுவித்து, அதைக் கல்லச்சில் அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டச் செய்தார். சுமார் 1,000 பிரதிகள் தயாராயின. தமக்கு வேண்டியவை போக மிஞ்சியவற்றை மடல் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் விலை வைத்து விற்பனைக்கு விட்டார்.

அம்மடலின் நடுவில் ஒரு குடும்பத்தார் விருந்து மேஜையைச் சுற்றியிருந்து மதுக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துக் கூறுகின்றனர். ஒரு குழந்தைக்கும் மதுவைப் புகட்டுவதாகப் படம் அமைந்திருந்தபடியால், மதுவிலக்கை ஆதரித்தவர்கள் அக்காலத்திலேயே அதைக் கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் நாம் கவனிக்கத் தக்கவை அதன் இரு பக்கங்களிலும் உள்ள சிறிய படங்கள். ஒரு பக்கத்தில் பசித்தோருக்கு உணவு கொடுக்கிறார்கள். மறு பக்கத்தில் ஆடையில்லாதோருக்கு ஆடை கொடுக்கிறார்கள். உணவை விளைவிப்போரும் ஆடையை நெய்வோரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள நம் போன்ற சங்கத்தார், “இம்மடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பது பொருந்துமா என்று அன்பர்கள் சிந்திக்கவேண்டும்.

சம்பந்தம் அவ்வளவோடு நின்றுவிடவில்லை. ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். அக்காலத்துக் கூலிக்காரர் ஒரு மடலுக்காகச் செலவிடக்கூடிய தொகையன்று அது. அந்த மடல் வெளியான மறு வருஷம், 1844 டிசம்பர் 21-ஆம் தேதி, அதே இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களிற் பலர் நெசவாளர்கள். வாரத்துக்கு இரண்டு பென்ஸ், பிறகு மூன்று பென்ஸ் என்று சேமித்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் மூலதனம் திரட்டியிருந்தார்கள். கடையில் மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே இருந்தன. உலகெங்கும் பரவியுள்ள கூட்டுறவு இயக்கம் தனக்கு முன்மாதிரியாகப் போற்றுவது அந்தக் கடையைத்தான்.

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். எனவே ராச்டேல் நெசவாளர் ஒருவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பங்குத் தொகை முழுவதும் இருபது வாழ்த்து மடல்களின் விலைக்குச் சமம். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், கலப்படமில்லாத மாவும் சரியான நிறையும் கொடுப்பதற்கென்று அவ்வேழைகள் கடை திறந்தார்களே, அதைவிடச் சிறந்த பண்டிகை வாழ்த்து அவ்வருஷம் அந்நாட்டில் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

பின்னர் அச்சுத் தொழில் முன்னேறியது. 1870-இல் இங்கிலாந்தில் அரைப் பென்னித் தபால் கட்டணமும் வந்தது. மடல்கள் மலிந்தன, ஏழை எளியவர்களும் அனுப்பலானார்கள். அமெரிக்காவில் லூயி பிராங் என்பவர் 1870-க்குப் பிந்திய வருஷங்களில் பல வர்ண அச்சு மடல்களைப் பரப்பினார். இவ்வாறு கடைச் சரக்கு பெருகிய காலத்திலும், வீட்டில் தாய்மாரும் குழந்தைகளும் காகிதம், துணி, உலர்ந்த மலர் இவற்றைக் கொண்டு தம் கையாலேயே மடல் செய்யும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 1949-ஆம் வருஷத்தில், யுத்தத்தால் நலிந்திருந்த செக்கோஸ்லோவேகியா நாட்டில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் கிராமத்துக்கு ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி செய்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்து அனுப்பினாள். காகிதம் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டின்மேல் தீட்டிய படம் அது. அதுவே அந்நிறுவனத்தின் முதல் வாழ்த்து மடலாக அச்சாயிற்று. வீட்டுக் கைவேலையை விளையாட்டு என்று ஒதுக்குவோர் இதை நினைவிற் கொள்ளல் நலம்.

நம் வீட்டில் உள்ள பொருள்கள்

இனி, மடல் செய்வதற்கு வேண்டியவை யாவை என்று பார்ப்போம். கடையிலிருந்து வாங்கவேண்டியவை மிகச் சில. பாவு தீர்ந்து துணியை அறுக்கும்போது அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் நின்றுவிடும் நூற்துண்டுகள், கரை சரியாக அமையாமல் ஒதுக்கிய துணி, ஜரிகைத் துணுக்கு, சாயத்தின் நிறம் பார்க்க நனைத்த நூல் ஆகியவை நெசவாளர் வீட்டில் எப்போதும் உண்டு. விவசாயி வீட்டில் வைக்கோல், வாழைநார், பனையோலை, சோளத் தோகை, உலர்ந்த இலை, மலர் இவற்றுக்குக் குறைவில்லை.

வைக்கோல் தாளை நீரில் ஊறவைத்து, நீளவாக்கில் பிளந்து விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பளபளப்பான பொன்னிற நாடா கிடைக்கும். சூடு சற்று மிகுந்தால் பழுப்பு நிறமும், மேலும் மிகுந்தால் கருஞ்சிவப்பும் வரும். அவற்றை வெட்டி ஒட்டி விண்மீன், தொழுவம், ஆட்டுக்குட்டி முதலிய உருவங்களை அமைக்கலாம். கிறிஸ்து பெருமான் பிறந்தபோது கிடத்தப்பட்டது மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டியில் என்பது வேத வாக்கு. அவருடைய பிறந்தநாள் மடலுக்கு வைக்கோலைவிட ஏற்ற பொருள் வேறென்ன?

சிறு பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. முற்றாத வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வெட்டு முகம் பெரும்பாலும் ஐந்து மூலை நட்சத்திரமாக இருக்கும். அதைச் சாயத்தில் தொட்டுக் காகிதத்தில் பதித்தால் விண்மீன்கள் வரிசையாக விழும். பசைக்கு நம் வீட்டு மைதாக் கஞ்சியோ புளியங்கொட்டைப் பசையோ போதுமானது. பூச்சி அரிக்காமலிருக்கப் பெரியவர்கள் பசையில் மயில்துத்தம் சிறிது சேர்ப்பார்கள். அது விஷமாகையால், அந்தப் பசையைக் குழந்தைகள் கையில் கொடுத்தலாகாது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. எங்கும் கிடைக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால், 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள மடல்கள் இரண்டு கிடைக்கும். மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திக்கொண்டால் மடிப்பு நேராக அமையும். ஆலைக் காகிதத்துக்குத் துணியைப் போலவே ஓர் ஓட்டம் உண்டு. அந்த ஓட்டத்தோடு மடித்தால் நார் தெறிக்காது. பாவும் ஊடையும் அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

காலமும் இதற்கு அனுகூலமானதே. தீபாவளிச் சரக்குக் கொடுத்து முடிந்தபின், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. தறியும் பல வீடுகளில் தயங்கி நிற்கும். அந்நாட்களில் கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லதே. ஆனால் ஈரக் காற்றில் பசை சீக்கிரம் உலராது, அட்டை வளைந்துவிடும். ஒட்டிய மடல்களைப் பழைய செய்தித் தாள்களுக்கு இடையே வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவைக்கவேண்டும். வைக்கோலும் துணியும் ஒட்டினால் மடலின் எடை கூடும். எடை கூடினால் தபால் கட்டணமும் கூடும். ஆதலால் முதல் மடலைத் தபாலாபீஸில் நிறுத்துப் பார்த்துக்கொண்டு பிறகு மற்றவற்றைச் செய்வது உத்தமம்.

காகிதமும் நம்முடையதே

மடலுக்கு அடிப்படையான காகிதமும் நம் தொழிலோடு உறவுடையது. கையால் செய்யும் காகிதத்துக்கு மரம் வெட்டவேண்டியதில்லை. பருத்தித் துணிக் கழிவை நறுக்கி, ஊறவைத்து, கூழாக அரைத்து, நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் முகந்து, துணியின்மேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்தி எடுப்பதே அதன் முறை. பனியன் தயாரிப்பில் விழும் வெட்டுத் துண்டுகள் இன்று அதற்கு முக்கியமான மூலப்பொருள்.

இத்தொழிலின் மறுமலர்ச்சியில் தமிழ்நாட்டார் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள், காந்தியடிகளின் விருப்பப்படி 1934-இல் அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்திவந்தார். அங்கே புத்துயிர் பெற்ற தொழில்களில் கைக் காகிதமும் ஒன்று. 1960-இல் மதுரையில் அவர் காலமானார். ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் கைக்காகிதம் செய்து வருகின்றனர். ஆகவே, துணிக் கழிவு காகிதமாகி, அக்காகிதத்தின்மேல் மறுபடியும் நம் துணித் துண்டு ஒட்டப்பெறுவது நம் தொழிலுக்கு அந்நியமானதன்று.

இரண்டு ஆட்சேபங்கள்

“கிறிஸ்துமஸ் ஒரு மதத்தாரின் பண்டிகை, பல மதத்தாரும் உள்ள சங்கம் அதில் ஏன் இறங்கவேண்டும்?” என்று ஒருவர் கேட்டார். சங்கம் எவருக்கும் மதப் பிரசாரம் செய்யப்போவதில்லை. நாம் நெய்யும் சேலையைத் தீபாவளிக்கும் உடுத்துகிறார்கள், ரம்ஜானுக்கும் உடுத்துகிறார்கள், தேவாலயத்துக்கும் உடுத்திச் செல்கிறார்கள். நெய்யும்போது நாம் யாருக்கு என்று கேட்டோமா? மேலும் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரங்களுக்குப் பின் பொங்கல் வருகிறது. சிவகாசி அச்சகங்களிலிருந்து வந்த பொங்கல் வாழ்த்துகளைக் கட்டுக் கட்டாகத் தபால்காரர் சுமந்து வந்த காலத்தை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அவ்வழக்கம் இப்போது மிகவும் அருகிவிட்டது. உள்ளே வாசகம் அச்சிடாமல் விண்மீனும் மலரும் மட்டும் அமைத்த மடல், இரண்டு பண்டிகைக்கும் உதவும்.

“கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பலாமே, இவ்வளவு பிரயாசை எதற்கு?” என்பது மற்றோர் ஆட்சேபம். உண்மைதான். நானும் அவ்வாறு அனுப்புகிறவன்தான். ஆனால் நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்பிய வாழ்த்தில் ஒருவருக்கென்று நாம் செலவிட்ட நேரம் எவ்வளவு? பெறுகிறவர் அதை அறிந்தே இருக்கிறார். ஆகவே ஒரு நொடியில் அழித்தும் விடுகிறார். எங்கள் தாயாரின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உதவிய கிறிஸ்தவ அம்மாள் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவ்வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் தமக்கையார், தாம் நெய்த சேலையின் கரைத் துண்டை ஒட்டி, ஒரு மடல் செய்து அவருக்குக் கொடுத்தார். உள்ளே இரண்டே வரிகள்தான் எழுதியிருந்தார். அந்த மடல் அவ்வம்மாள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது. அதைச் செய்ய ஒரு முழு மாலைப்பொழுது ஆயிற்று. அதற்கு யாரும் கூலி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். அன்பினால் செய்யும் வேலைக்குக் கணக்கு இல்லை.

ஆனால் விற்பனைக்குச் செய்யும் வேலைக்குக் கணக்கு உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலேதான் ஆபத்து இருக்கிறது. நான் கூட்டத்தில் வாய் திறவாமலிருந்ததன் காரணமும் இதுவே.

கணக்குப் பார்த்த கதை

சில வருஷங்களுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவர் நம் ஊருக்கு வந்தார். கைத்தறித் துணி ஒட்டிய வாழ்த்து மடல்கள் வேண்டுமென்றார். அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நானே. என் தமக்கையாரும் அண்டை வீட்டுப் பெண்மணிகள் மூவரும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அட்டையும் பசையும் அவர் கொடுத்தார். துணித் துண்டு எங்களுடையது. மடலுக்கு 4 ரூபாய் என்று பேச்சு. 600 மடல்கள் செய்து கொடுத்தார்கள். இரவில் அடுப்பங்கரை வேலை முடிந்தபின் விளக்கடியில் உட்கார்ந்து செய்த வேலை அது. மடல்களை எடுத்துப் போன வியாபாரி, 140 மடல்களில் குறை இருப்பதாகப் பிறகு சொல்லி அனுப்பினார். எந்த மடலில் என்ன குறை என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மடல்கள் திரும்பி வரவும் இல்லை. மிகுதி 460 மடல்களுக்கு 1,840 ரூபாய், பண்டிகை முடிந்து சித்திரை மாதத்தில் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். துணி நறுக்கி, ஒட்டி, மடித்து, உறை செய்து முடிக்க மடல் ஒன்றுக்கு 20 நிமிஷம். மணிக்கு 3, எட்டு மணி நேரத்துக்கு 24. எனவே 600 மடல்களுக்கு 25 நாள் உழைப்பு. 1,840 ரூபாயை 25-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 73 ரூபாய் 60 காசு. கொடுத்த துணியின் விலை இதில் சேரவில்லை. களை பறிக்கப் போகும் பெண்ணும் அந்தக் கூலிக்கு வரமாட்டாள்.

இந்தக் கணக்கை நான் தமக்கையாரிடம் காட்டினேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. “தம்பி, சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே? வந்தவரைக்கும் லாபம் என்று வைத்துக்கொள்” என்றார்.

அன்பர்களே, சும்மா இருந்த நேரம் எது? விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தார் சுற்றி, தறிக்கு நூல் எடுத்துக் கொடுத்து, மாலையில் மறுபடியும் சமைத்து முடித்தவருக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று உண்டா? அவர் உறங்கவேண்டிய நேரமல்லவா அது? 2019–20-ஆம் வருஷத்தில் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் செய்வோர் இந்நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். ஆயினும் நம் வீடுகளில் தார் சுற்றும் கைக்குத் தனிக் கூலி ஏது? நெய்த சேலையின் கூலியில் அதுவும் அடங்கியது என்கிறோம். அவ்வாறு அடங்கிப் போன வேலைகளோடு மடல் வேலையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுமானால், பெண்மணிகளின் இராத் தூக்கத்தைத் தவிர வேறொன்றையும் நாம் விற்றவர்கள் ஆகமாட்டோம்.

நான் வியாபாரியை மட்டும் குறை கூறவில்லை. அவர் வியாபாரி, குறைந்த விலைக்கு வாங்குவது அவர் தொழில். சங்கத்தின் அங்கத்தினனாக இருந்துகொண்டு, அந்த வேலையைச் சங்கத்தின் வழியாகக் கொண்டுவரவேண்டும் என்று தோன்றாமற் போனது என் குறை. நூல் வாங்குவதற்கும் சேலை விற்பதற்கும் சங்கம் வேண்டும் என்று அறிந்த நாம், வீட்டுப் பெண்களின் கைவேலை என்றவுடன் அதைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

செய்யத் தக்கது

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தினர்களுக்கும் என் யோசனையைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, வீட்டு மடல் வேறு, விற்பனை மடல் வேறு என்று தெளிவாகப் பிரித்துக்கொள்வோம். இவ்வருஷம் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஐந்து மடல்கள் செய்வோம். தெரிந்த கிறிஸ்தவ அன்பர்களுக்கு நேரிற் கொடுப்போம். தூரத்தில் உள்ளவர்களுக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் தபாலில் சேர்ப்போம். இதற்குச் சங்கத்தின் தீர்மானம் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவது, விற்பனைக்கென்று செய்வதாயின், வரும் வருஷத்துக்குச் சிறு அளவில், 500 மடல்கள் மட்டும், சங்கமே ஏற்று நடத்தட்டும். விலையை முதலில் வைத்துவிட்டு மிஞ்சுவதைக் கூலியாகக் கொடுப்பது கூடாது. கூலியை முதலில் வைத்துவிட்டு அதன்மேல் விலையைக் கட்டவேண்டும். உதாரணமாக, நாட்கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 24 மடல் வீதம் ஒரு மடலின் கூலி 20 ரூபாய் ஆகிறது. காகிதம், பசை, துணி, உறை, விற்பனைச் செலவு இவற்றை அதன்மேல் கூட்டிக்கொள்ளவேண்டும். அந்த விலை கொடுத்து வாங்குவோர் உண்டா என்பதை நகரங்களில் உள்ள பள்ளிகள், தேவாலயங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை ஆவணி, புரட்டாசியிலேயே விசாரித்து, முன்பணத்துடன் உத்தரவு வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கவேண்டும்.

மூன்றாவது, மடல்களை ஒப்படைக்கும்போதே, செய்தவர் முன்னிலையில், குறையுள்ளவற்றைப் பிரித்துவிடவேண்டும். பிரிப்பவர்களில் ஒருவராவது அந்த வேலையைச் செய்தறிந்த பெண்மணியாக இருக்கவேண்டும். ஏற்றுக்கொண்ட மடலின் கூலி அன்றே செய்தவரின் கணக்கிற் சேரவேண்டும். வீட்டு ஆண்மகன் கையிற் கொடுத்தனுப்புதல் கூடாது. விற்காமல் மிஞ்சும் மடலின் நஷ்டம் சங்கத்துடையதே ஒழியத் தொழிலாளியுடையதன்று. மடலில் வருஷத்தை அச்சிடாமலிருந்தால், மிஞ்சியது மறு வருஷத்துக்கு உதவும்.

நான்காவது, விற்பனை மடலில் பள்ளிப் பிள்ளைகளின் கை படலாகாது. பிள்ளைகள் வீட்டு மடலில் வெண்டைக்காய் விண்மீனைப் பதிக்கட்டும். ஆசை தீரப் பதிக்கட்டும். கூலிக்கு அவர்களை உட்காரவைக்கவேண்டாம்.

“இவ்வளவு கூலி வைத்தால் மடல் விலைபோகாதே, அச்சடித்த மடல் மலிவாகக் கிடைக்கிறதே” என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வாறே ஆகலாம். அப்படியானால் விற்பனையை விட்டுவிடுவோம். உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 73 ரூபாய்க்கு உழைப்பதைவிட விற்காமலிருப்பது மேல். மலிவான மடல் செய்ய யந்திரம் இருக்கிறது; அதோடு நாம் போட்டியிடவேண்டிய அவசியமில்லை. நெசவிலும் நாம் கற்ற பாடம் இதுதானே? விசைத்தறியோடு விலையில் போட்டியிட்ட கைத்தறி வென்றதில்லை. கையின் நேர்த்திக்கும் உழைப்பின் மதிப்புக்கும் விலை கொடுக்க மனமுள்ளவர்களைத் தேடிக்கொண்ட கைத்தறியே நிற்கிறது.

விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வீட்டு மடல் இருக்கும். அதை எந்த வியாபாரியும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

கடைசியாக ஒன்று. இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் தமக்கையார் வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பழைய கணக்கை மறுபடியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அந்த 140 மடல்களைத் திருப்பிக் கொடுத்திருந்தாலாவது நம் தெருவிலேயே எல்லார்க்கும் கொடுத்திருக்கலாம்” என்றார். கூலி போனதைவிட அதுவே அவருக்கு மனத்தாங்கலாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் எனக்கு அது தெரியவில்லை. வரும் மாதக் கூட்டத்தில் இந்த விஷயம் மறுபடியும் விவாதத்துக்கு வருமாயின், நான் வாய் திறப்பேன். ஆனால் எனக்கு முன்பாக, அந்த வேலையைச் செய்தவர்கள் எழுந்து பேசவேண்டும் என்பதே என் விருப்பம்.